இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால்

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆகாய விமானத்தைப் பற்றியது. நான் விமானியல்லன், பௌதிகம் கற்பித்து, பின்பு தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். விமானத்தில் நான் பயணம் செய்தது என் வாழ்நாளில் நான்கு முறையே. ஆயினும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு கடமை இருக்கிறது. வகுப்பறையில் நான் ஒரு பையனுக்கு ஒரு பிழையான விடையைச் சொன்னேன். அதைத் திருத்துவதற்கு வானொலி நிலையத்தார் எனக்குப் பதினைந்து நிமிடங்கள் தந்திருக்கிறார்கள்.

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. வடக்கே மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்கள். தெற்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம். எங்கள் பள்ளி இவ்விரண்டுக்கும் இடையில் இருந்தது. ஒரு விமானம் தாழப் பறந்து சென்றால், நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன். பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்துவிட்டு மீள்வார்கள். பின்பு பாடம் தொடரும். அதட்டிப் பயனில்லை என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன்.

1994ஆம் ஆண்டில் ஒரு நாள் விசையின் திருப்புத்திறனைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு ஏற்றப்பலகை. அதன் ஒரு முனையில் தடித்த பையன், மறுமுனையில் மெலிந்த பையன். விசையை அது செயற்படும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் என்று எழுதி முடித்த வேளையில், இரண்டு எஞ்சின் பூட்டிய போக்குவரத்து விமானம் ஒன்று மேலே சென்றது. நடுவரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "ஐயா, அந்த இரண்டில் ஒன்று நின்றுவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

நான் சற்றும் தயங்காமல் விடை சொன்னேன். "இரண்டில் ஒன்று போனால் பாதி இருக்கும். பாதி வேகத்தில், பாதி உயரத்தில், மெதுவாக வீடு வந்து சேரும். அபாயம் ஒன்றுமில்லை. உட்கார்." வகுப்பில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன். அவ்விடைக்கு மறுப்பு என் முதுகுக்குப் பின்னே கரும்பலகையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை அன்று நான் காணவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அது எனக்குப் புலப்பட்டது. எங்கள் தெருவில் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் குடிவந்தார். போக்குவரத்து விமானங்களை ஓட்டிய பின் தாம்பரத்தில் பயிற்சியாசிரியராகவும் இருந்தவர். தாம்பரத்தில் இருப்பது சாதாரணப் பயிற்சிப் பள்ளி அன்று என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி அது. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954இல் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. நாங்கள் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றோம் என்றால், ஆகாயத்து ஆசிரியர்களுக்குச் சைதாப்பேட்டை, தாம்பரமே. இவ்வொற்றுமையால் எங்களுக்குள் விரைவில் நட்பு உண்டாயிற்று. மாலையில் உலாவச் செல்லும்போது ஒரு நாள், அந்தப் பையனின் கேள்வியையும் என் விடையையும் சற்றுப் பெருமையோடே சொன்னேன். அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"ஐயா, தாங்கள் சொன்ன விடையை நம்பி ஒருவன் விமானம் ஓட்டினால் ஊர் போய்ச் சேர மாட்டான்" என்றார்.

அவர் அன்றும் பின்னரும் எனக்கு விளக்கியவற்றையும், நான் பின்பு படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இப்போது சொல்லுகிறேன்.

முதலில், விமானத்துக்கு இரண்டு எஞ்சின் எதற்கு? 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். டாட்டா விமானத் தபாலின் தொடக்கம் அது. அவ்விமானம் 'புஸ் மாத்' என்னும் சிறு விமானம்; ஒரே எஞ்சின். வழியில் அது நின்றுபோனால், விமானி செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மூக்கைத் தாழ்த்திச் சறுக்கி வந்து, கண்ணுக்கு எட்டிய வயலிலோ ஏரிப் படுகையிலோ இறக்குவது. கொடிய நிலைமைதான், ஆனால் குழப்பமற்ற நிலைமை. தேர்ந்தெடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அதே 1932இல் அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. என்னும் விமானக் கம்பெனி, விமானம் செய்வோருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மூன்று எஞ்சின் கொண்ட விமானம் வேண்டும். அதில் ஒன்று நின்றாலும், முழுப் பாரத்தோடு தங்களுடைய எந்த விமான நிலையத்திலிருந்தும் மேலெழும்ப வேண்டும் என்பது நிபந்தனை. டக்ளஸ் கம்பெனியார், இரண்டே எஞ்சினால் அதைச் செய்து காட்டுகிறோம் என்றார்கள். அவர்கள் செய்த டி.சி.-1 என்னும் விமானம் 1933 ஜூலை முதல் நாளன்று முதன்முறையாகப் பறந்தபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மூக்கை உயர்த்தினால் எஞ்சின்கள் அடங்கின; தாழ்த்தினால் மீண்டும் ஓடின. கார்புரேட்டரின் மிதவைகள் முன்பின்னாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். விமானி சிறிது ஏறுவதும், சிறிது தாழ்வதுமாகப் படிப்படியாக உயர்ந்து, வட்டமிட்டு, சேதமின்றி இறங்கிவிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் உண்மையான சோதனை நடந்தது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,900 அடி உயரத்தில் உள்ள வின்ஸ்லோ என்னும் ஊரில், தரையை விட்டு எழும் தறுவாயில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். மற்றொன்றைக் கொண்டே மேலெழும்பி, 240 மைலுக்கு அப்பாலுள்ள ஆல்புகர்க் நகரில் போய் இறங்கினார்கள். அந்த டி.சி.-1இன் வழி வந்ததுதான் டி.சி.-3. இந்தியாவில் 'டக்கோட்டா' என்ற பெயரில் நம் பாட்டனார்கள் ஏறிய விமானம் அது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு நம் படைவீரர்களை ஏற்றிச் சென்றதும் அதுவே.

ஆகவே, ஒரு எஞ்சினோடு பறக்க முடியும் என்பது உண்மை. என் பிழை, 'முடியும்' என்று சொன்னதிலன்று. 'பாதி' என்று சொன்னதிலும், 'அபாயம் ஒன்றுமில்லை' என்று சொன்னதிலும்தான்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பிப்பது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. ஆதலின் இரட்டை மாட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாடுகளும் சமமாக இழுத்தால் வண்டி நேரே செல்லும். இடத்து மாடு இழுப்பதை நிறுத்திவிட்டால் வண்டி பாதி வேகத்தில் நேரே செல்லுமா? செல்லாது. வலத்து மாடு முன்னே தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பிச் சாலையோரப் பள்ளத்தை நாடும். இரண்டு துடுப்புக்காரருள் ஒருவர் கை ஓய்ந்த படகும் இவ்வாறே. இதுவே நான் கரும்பலகையில் எழுதி வைத்திருந்த திருப்புத்திறன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் கற்பித்தவை. ஒவ்வோர் எஞ்சினும் 1,000 கிலோகிராம் எடையளவு விசையோடு இழுக்கிறது. அது விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இறக்கையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இடப்பக்க எஞ்சின் நின்றால், வலப்பக்க எஞ்சின் விமானத்தின் மூக்கை இடப்புறமாகத் திருப்பும் திறன் மூவாயிரம். இதை எதிர்க்க விமானியிடம் இருப்பது வாலில் உள்ள சுக்கான். நம் கடலோர மக்கள் படகுக்கு வழங்கும் அதே சொல் இங்கும் பொருந்தும். விமானி காலால் மிதிகட்டையை அழுத்தினால் சுக்கான் திரும்பும். காற்று அதன்மேல் மோதி வாலை ஒரு பக்கம் தள்ளும். வால் 9 மீட்டர் பின்னே இருக்குமானால், அங்கே ஏறக்குறைய 333 கிலோகிராம் விசை கிடைத்தால் போதும், மூக்கு நேராகிவிடும். நீண்ட வால் எதற்கு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனால் சுக்கானுக்குத் தனக்கென வலிமை கிடையாது. அதன் வலிமை காற்று தந்தது. காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, சுக்கானை முழுவதும் திருப்பினால் 600 கிலோகிராம் விசை கிடைக்கும் என்று கொள்வோம். தேவை 333தான், கவலையில்லை. வேகம் 100 ஆகக் குறைந்தால் கிடைப்பது 300 அன்று. கால் பங்காகிய 150. இப்போது காலை எவ்வளவு அழுத்தினாலும் மூக்கு திரும்பிக்கொண்டேயிருக்கும். எந்த வேகத்தில் சரியாக 333 கிடைக்கும் என்று நீங்களே வர்க்கமூலம் கண்டு பாருங்கள். சுமார் 149 வரும். அதற்குக் கீழே விமானம் விமானியின் வசத்தில் இல்லை. ஒவ்வோர் இரட்டை எஞ்சின் விமானத்துக்கும் இப்படி ஓர் எல்லை வேகம் உண்டு. சிறிய விமானங்களில் வேகமானியின் முகப்பில் அதைச் சிவப்புக் கோட்டால் குறித்து வைப்பார்கள்.

அவ்வெல்லைக்குக் கீழே வந்தால் மூக்கு திரும்புவதோடு நில்லாது. திரும்பும்போது ஒரு பக்க இறக்கை முன்னேறும், மறுபக்க இறக்கை பின்தங்கும்; முன்னேறியது உயரும், பின்தங்கியது தாழும். விமானம் நின்ற எஞ்சின் பக்கமாகச் சாய்ந்து, சில விநாடிகளில் தலைகீழாகவும் கவிழக்கூடும். தரைக்கு அருகில் இது நேர்ந்தால் மீட்சியில்லை. என் நண்பர் இதைச் சொல்லிவிட்டு, "அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "மிச்சமுள்ள எஞ்சினை முழு விசையோடு ஓட்ட வேண்டும்" என்றேன். "அதுதான் கொல்வது" என்றார். நல்ல எஞ்சினின் விசையைக் குறைக்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டும். திருப்புகிறவன் நல்ல எஞ்சின்தானே! விழுந்துகொண்டிருக்கும்போது மீதமிருக்கும் ஒரே துணையின் கையைத் தளர்த்துவதும், தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்துவதும் மனித இயல்புக்கு எவ்வளவு மாறானவை என்று எண்ணிப் பாருங்கள். இயல்பை மாற்றும் வரை திரும்பத் திரும்பச் செய்வித்தலே அவர்கள் தரும் பயிற்சி.

இன்னொன்று. நின்ற எஞ்சின், சும்மா நிற்பதில்லை. புரொப்பெல்லர் பூட்டிய எஞ்சின் நின்றால், எதிர்க்காற்று அந்த விசிறியைச் சுழற்றத் தொடங்கும். முன்பு எஞ்சின் விசிறியைச் சுழற்றியது. இப்போது விசிறி எஞ்சினைச் சுழற்றுகிறது. அதற்கான ஆற்றல் எங்கிருந்து வரும்? விமானத்தின் வேகத்திலிருந்துதான். இடத்து மாடு இழுக்காமலிருப்பதோடு, குளம்பைத் தரையில் ஊன்றிப் பின்னுக்கும் இழுப்பது போன்றது இது. ஆகையால், விசிறியின் அலகுகளைக் கத்தியின் விளிம்பு போலக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். திருப்பியதும் சுழற்சி நிற்கும்; தடை பெரிதும் குறையும். பறவையின் இறகு காற்றைக் கிழிப்பது போல நிற்பதால் 'இறகாக்குதல்' என்னும் பொருளில் விமானிகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நின்ற எஞ்சினை இறகாக்கியபின், ஓடுகிற எஞ்சின் பக்கமாக விமானத்தைச் சிறிதளவு, ஐந்து பாகைக்கு மிகாமல், சாய்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை பக்கவாட்டில் சற்று இழுத்துச் சுக்கானின் சுமையைக் குறைக்கும்.

இனி என் 'பாதி'க்கு வருகிறேன். நண்பர் அதைச் சாலையோரத்து மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். ஒரு விமானம், ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் பறக்கவே 120 பங்கு திறன் செலவாகிறது என்று கொள்ளுங்கள். ஒவ்வோர் எஞ்சினும் 150 பங்கு தருகிறது. இரண்டும் ஓடினால் 300. மட்டமாய்ப் பறக்க 120 போக, மிச்சம் 180. விமானம் மேலே ஏறுவது இந்த மிச்சத்தைக் கொண்டுதான். இப்போது ஒன்று நின்றது. கையிலிருப்பது 150. நின்ற எஞ்சினின் தடையாலும், திரும்பிய சுக்கானின் தடையாலும் செலவு 120 என்பது 130 ஆகிவிட்டது. மிச்சம் 20. நூற்றெண்பது எங்கே, இருபது எங்கே! திறன் பாதியாயிற்று, ஏறும் ஆற்றலோ ஒன்பதில் ஒரு பங்காயிற்று. நிமிடத்துக்கு 1,800 அடி ஏறிய விமானம் 200 அடிதான் ஏறும். மாதம் முப்பதாயிரம் சம்பாதித்து இருபத்தைந்தாயிரம் செலவிடும் குடும்பத்தின் வருமானம் பாதியானால், அவர்கள் சேமிப்பு பாதியாகிறது என்று எவரேனும் சொல்வாரா? சம்பளக்காரனாகிய எனக்கு இது தோன்றாமற் போனதே என்று வெட்கப்பட்டேன்.

கணக்கில் 20 மிஞ்சியது, கணக்குப் போட்ட நாள் குளிர்ந்த நாளாக இருந்தால். அக்கினி நட்சத்திரக் காலத்துச் சென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் வெப்பநிலை 15 பாகை. இங்கே 40 பாகை. வெப்பத்தால் காற்று விரிந்து, அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு, விசிறி பற்றித் தள்ளும் காற்றும் குறைவு. 150இல் பன்னிரண்டு குறைந்தாலே மிச்சம் எட்டுத்தான். கூடுதலாக நான்கு மூட்டை ஏற்றியிருந்தால் அந்த எட்டும் இல்லை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் விமானத் தளத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பயணிகள் விமானங்களுக்கு, ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட அளவு ஏறியே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெயிலுக்கும் ஓடுபாதைக்கும் ஏற்ப எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை ஒவ்வொரு முறையும் கணக்கிடுகிறார்கள். மிகச் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவற்றில் சிலவற்றுக்கு இரண்டாவது எஞ்சின், இறங்குமிடத்தைத் தேடச் சற்று அதிக நேரம் தருவதோடு சரி.

பெரிய விமானங்களில் ஒரு வழக்கத்தை நண்பர் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஓடுபாதையில் விரையத் தொடங்குமுன்பே ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வார்கள். அதற்குள் எஞ்சின் பழுதுபட்டால் நிறுத்திவிடலாம். மிச்சப் பாதை போதும். அதைத் தாண்டியபின் பழுதுபட்டால் நிறுத்தக் கூடாது. ஓர் எஞ்சினோடு மேலெழும்பத்தான் வேண்டும். அந்த வேகத்தை எட்டியதும் தலைமை விமானி விசைப்பிடியிலிருந்து தம் கையை எடுத்துவிடுவார். முடிவை மாற்றிக்கொள்ளும் ஆசை கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

இவ்வளவும் தெரிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது. நின்றது எந்த எஞ்சின்?

இது என்ன கேள்வி, பார்த்தால் தெரியாதா என்பீர்கள். 1989 ஜனவரி 8ஆம் நாள் இரவு, லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நகருக்கு ஒரு போயிங் 737 சென்றது. விமானத்தில் இருந்தவர் 126 பேர். வழியில் இடப்பக்க எஞ்சினின் விசிறியலகு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் எழுந்தது. விமானிகள், பழுதுபட்டது வலப்பக்கம் என்று கருதி அதன் விசையைக் குறைத்தார்கள். உடனே அதிர்வும் தணிந்தது. உண்மையில், அதே வேளையில் தானியங்கி விசைக் கட்டுப்பாட்டை விலக்கியதால், பழுதுபட்ட இட எஞ்சினுக்குச் சென்ற எரிபொருளும் குறைந்திருந்தது. அதனால் வந்த தணிவு அது. தாம் செய்தது சரியென்று அவர்கள் நம்பி, நல்ல எஞ்சினை முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இறங்கும் நேரத்தில் கூடுதல் விசை தேவைப்பட்டபோது, முறிந்த எஞ்சின் கைவிட்டது. கெக்வொர்த் என்னும் சிற்றூருக்கருகே, நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. 47 பேர் மாண்டனர். இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று: 'வலப்பக்க எஞ்சினில் கோளாறு' என்று தலைமை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இடப்பக்க எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்ததைக் கண்ணால் கண்ட பயணிகள் பின்னால் இருந்தார்கள். அவருக்குத் தெரியாததா என்று எவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பறையிலும் இப்படி நடப்பதுண்டு. கரும்பலகையும் என் விடையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நின்றபோது, நாற்பத்தொரு பேரில் ஒருவனாவது அதைக் கண்டிருக்கலாம். கேட்கும் துணிவு அவனுக்கு வரும்படி நான் நடந்துகொண்டேனா என்பதே என் ஐயம்.

2015 பிப்ரவரி 4ஆம் நாள் தைவானின் தைபே நகரிலும் இதுவே நிகழ்ந்தது. நம் சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்வோர் ஏறும் ஏ.டி.ஆர். வகை விமானந்தான் அது. மேலெழும்பிய சிறிது நேரத்தில் வல எஞ்சினின் விசிறி, கருவிக் கோளாறு ஒன்றால் தானாகவே இறகாகிவிட்டது. விமானி இட எஞ்சினின் விசையைக் குறைத்து, பின்பு நிறுத்தியும்விட்டார். விமானம் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர். ஓர் எஞ்சினைக் கொண்டு பத்திரமாகத் திரும்பியிருக்கக்கூடிய விமானம் அது.

இப்பிழை நேராதிருக்கப் பழைய விமானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கருவிகளைப் பார்க்குமுன் உன் கால்களைக் கேள் என்பார்கள். இட எஞ்சின் நின்றால் மூக்கு இடப்புறம் திரும்பும். அதை நேராக்க விமானி வலக்காலை அழுத்துவார். இடக்காலுக்கு வேலையிராது. வேலையற்ற கால் எந்தப் பக்கமோ, வேலையற்ற எஞ்சினும் அந்தப் பக்கமே. அதையும் உடனே நம்பிவிடாமல், அப்பக்கத்து விசைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் அது நின்ற எஞ்சினே. விமானம் புதிதாகத் தடுமாறினால், பிடித்தது நல்ல எஞ்சினை, கையை எடுத்துவிடலாம். அதன் பின்னரே நிறுத்துவது, இறகாக்குவது எல்லாம். ஒருவர் கை வைத்த பிடியை மற்றவர் பார்த்து 'ஆம்' என்று சொன்ன பிறகே அதை அசைப்பதும் இக்காலத்து விதி. அவசரத்தில் அவசரப்படாதிருக்கக் கற்பிப்பதுதான் தம் வேலையில் பாதி என்றார் நண்பர். அந்தப் 'பாதி' சரியான பாதி என்று சிரித்துக்கொண்டோம்.

நீங்கள் அஞ்சும்படி பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003 மார்ச்சு 17ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஒரு போயிங் 777 விமானத்தின் எஞ்சின் ஒன்று நிறுத்தப்பட்டது. மற்றொன்றைக் கொண்டே 177 நிமிடங்கள் பறந்து ஹவாய்த் தீவில் அது நலமாக இறங்கியது. அமெரிக்காவில் 1953இல் வந்த விதிப்படி, இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய தளத்தை விட்டு விலகிச் செல்லலாகாது. எஞ்சின்கள் நம்பத்தக்கவை ஆக ஆக, 1985 முதல் அது இரண்டு மணியாகவும், பின்பு மேலும் கூடுதலாகவும் தளர்த்தப்பட்டது. நம் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர், இடையில் கடல்தான். நட்டநடுவில் எஞ்சின் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை 685 கிலோமீட்டரில். ஒற்றை எஞ்சினில் ஜெட் விமானம் உயரத்தில் தாழ்ந்து, மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கணக்கு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

அந்தக் கடலைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் 2016 ஜூலை 22ஆம் நாளை நினையாமலிருக்க முடியாது. அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. பல மாதத் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரின் ஆளில்லா ஆழ்கடல் கலம், சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில், அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இதை என் பேச்சுக்கு உதாரணமாகச் சொல்லவில்லை. எஞ்சினோடு அதை நான் முடிச்சுப் போடவுமில்லை. என் வகுப்புச் சன்னலுக்கு மேலே சென்ற விமானங்கள் அந்த வகையினவாகவே இருந்தன. அவற்றைக் காட்டித்தான் அந்தப் பையன் கேட்டான். நான் 'அபாயம் ஒன்றுமில்லை' என்றேன். அதற்காகச் சொன்னேன்.

நண்பர் திருத்திய மறுவாரமே, அப்போதிருந்த ஒன்பதாம் வகுப்பினருக்கு இதைப் புதிதாகக் கற்பித்தேன். ஆனால் கேட்ட பையன் எப்போதோ பள்ளியை விட்டுப் போயிருந்தான். நான் ஓய்வு பெற்றபின் ஒரு நாள் தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். அவரேதான், மின்சார ரயில் ஓட்டுபவராக இருக்கிறார். அவர் கேட்ட கேள்வியை நான் நினைவூட்டினேன். "பாதி வேகத்தில் வீடு வரும் என்றீர்கள் ஐயா" என்று அவரும் மறவாமல் சொன்னார். அடுத்த வண்டி வருவதற்குள், என் கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்புறத்தில் 180, 20 என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் மருந்து வாங்க மறுநாள் வேறு சீட்டு எழுதி வாங்க வேண்டியதாயிற்று.

அவ்வகுப்பில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் யாரேனும், இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், பழைய குறிப்பேட்டில் 'பாதி' என்று இருக்கும் இடத்தில் 'ஒன்பதில் ஒன்று, அதுவும் குளிர்ந்த நாளில்' என்று திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.